எலும்பில் தேதி இருக்காது: 6,000 ஆண்டுக் கணக்கு பாறையில் எங்கே இடிக்கிறது?

"டைனோசர் எலும்புக்குள் மென்திசு கிடைத்தது" என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதுபோலச் சுற்றுக்கு வரும். கூடவே ஒரு முடிவும் ஒட்டிக்கொண்டு வரும்: அப்படியானால் டைனோசர்கள் செத்துச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகியிருக்கும், பூமிக்கே வயது 6,000தான், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள். மறுக்க வருபவர்களும் பல நேரம் அவசரப்பட்டு, "கார்பன் டேட்டிங்கில் கோடிக்கணக்கான ஆண்டு என்று வந்திருக்கிறதே" என்று ஒரு தப்பான பதிலைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கார்பன் அப்படிக் காட்டவே காட்டாது.

இரண்டு பக்கமும் எலும்பைக் கடிகாரமாக நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. புதைபடிவத்தில் தேதி பொறித்திருக்காது. அது எந்த அடுக்கில் கிடக்கிறது, மேலே என்ன, கீழே என்ன, கூட யார் யார் இருக்கிறார்கள், யார் ஒருபோதும் இல்லை என்பதில்தான் வாதம் முழுக்க இருக்கிறது.

## 6,000 என்ற எண் வந்த வழி

இந்த எண்ணைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வெளியிட்ட காலக்கணக்கில், உலகம் கி.மு. 4004 அக்டோபரில் படைக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் வம்ச வரலாற்றில் யார் எத்தனை வயதில் யாரைப் பெற்றார் என்ற எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டி, பண்டைய அரசர்களின் ஆட்சி ஆண்டுகளோடு பொருத்தினார். உலகின் வயதை அறிய அன்று நம்பகமான சான்றாகக் கருதப்பட்டது எழுத்துதான். எழுத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அவர் காலத்து அறிஞர்கள் இன்னும் சிலரும் இதே முறையில் இதையொட்டிய ஆண்டுகளைக் கண்டார்கள்.

இன்று படைப்புவாதம் (உலகையும் உயிர்களையும் கடவுளே படைத்தார் என்பது) என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு நிலைப்பாடுகள் இருக்கின்றன:

1. இளம் பூமிப் படைப்புவாதம். படைப்பின் ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்கள். பூமியின் வயது 6,000 முதல் 10,000 ஆண்டுகள். புதைபடிவங்களில் பெரும்பாலானவை நோவா காலத்து ஜலப்பிரளயத்தில், ஏறக்குறைய ஒரே ஆண்டுக்குள் உண்டானவை.
2. முதுபூமிப் படைப்புவாதம். பூமி மிகப் பழையது என்பதை ஏற்கிறது. ஆதியாகமத்தின் "நாள்" என்பதை நீண்ட யுகமாகவோ, இரு வசனங்களுக்கு நடுவே விடப்பட்ட நெடிய இடைவெளியாகவோ வாசிக்கிறது. உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்பதில் மாற்றமில்லை.
3. பரிணாமமே படைப்பின் வழி என்று கொள்பவர்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1996-ல் பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று கூறினார்.

புதைபடிவங்களோடு நேருக்கு நேர் மோதுவது முதல் தரப்பு மட்டுமே. அதுவும் இன்றைய இயக்கமாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1920-களில் எழுதியவற்றிலும், 1961-ல் ஜான் விட்கோமும் ஹென்றி மோரிஸும் சேர்ந்து எழுதிய நூலிலும் இருந்து அது கிளம்பியது. அதற்கு நூறாண்டு முன்பே பாறைகளைச் சுத்தியலோடு நடந்து படித்த கிறிஸ்தவப் போதகர்கள் அந்தக் கணக்கைக் கைவிட்டிருந்தார்கள். ஆடம் செட்ஜ்விக் ஆங்கிலிக்கன் குருவானவர். ஒரே உலகளாவிய வெள்ளம்தான் பூமியின் சரளைப் படிவுகளை உண்டாக்கியது என்று தானே முன்பு சொன்னதை 1831-ல், லண்டன் புவியியல் சங்கத்தின் தலைவர் இருக்கையில் இருந்தபடி பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். டார்வினின் நூல் வர இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. 'பரிணாமத்தைக் காப்பாற்றத்தான் பூமியின் வயதை நீட்டினார்கள்' என்று சொல்பவர்கள் இந்த 28 ஆண்டுகளை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

## வேகமாகப் புதைவது வேறு, பூமி இளையது என்பது வேறு

செத்த உயிரினம் ஒன்று கல்லில் மிஞ்ச வேண்டுமானால், அழுகியோ தின்னப்பட்டோ போவதற்குள் மண், சேறு, எரிமலைச் சாம்பல் ஏதாவது அதை மூட வேண்டும். பிறகு நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து அதைக் கல்லாக்கும். இல்லையென்றால் உடல் கரைந்துபோய் அச்சு மட்டும் நிற்கும்.

ஆகவே "இந்த மீன் திடீரென்று புதைந்திருக்கிறது, பாருங்கள்" என்று காட்டினால், எந்தப் புவியியலாளரும் ஆமாம் என்றுதான் சொல்வார். ஆற்று வெள்ளம், நிலச்சரிவு, சாம்பல் மழை எல்லாம் வேகமான வேலைகளே. கேள்வி, இப்படிப்பட்ட திடீர் நிகழ்வுகள் எத்தனை, அவற்றுக்கு நடுவில் எவ்வளவு காலம் என்பதுதான்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஜாகின்ஸ் என்ற கடலோரப் பாறைச்சுவர் இருக்கிறது. வயது சுமார் 31 கோடி ஆண்டுகள். நிலக்கரிக் காலத்து மரங்கள் அதில் நின்ற நிலையிலேயே கல்லாகி, பல படிவு அடுக்குகளை ஊடுருவி நிற்கின்றன. இளம் பூமிக்காரர்கள் இதை விரும்பிக் காட்டுவார்கள்: அடுக்குகள் சேர லட்சக்கணக்கான ஆண்டு ஆகியிருந்தால் மரம் மட்டும் அதுவரை மக்காமல் நிற்குமா? நிற்காதுதான். நின்றதாக யாரும் சொல்லவுமில்லை. ஒவ்வொரு மரமும் சீக்கிரமே புதைந்தது என்பது 1850-களிலேயே அங்கே வேலை செய்த புவியியலாளர்கள் சார்லஸ் லயலுக்கும் வில்லியம் டாசனுக்கும் தெரியும். அவர்கள் கவனித்த விஷயம் வேறு. ஒரு காடு புதைந்த மண்ணுக்கு மேலே இன்னொரு காடு, தன் சொந்த மண்ணில் வேர்விட்டு நிற்கிறது. அதுவும் புதைந்து, அதற்கு மேலே மற்றொன்று. இப்படியே மட்டத்துக்கு மேல் மட்டமாகப் போகிறது. உள்ளே அழுகிப் பொந்தாகிப்போன அடிமரங்களுக்குள் ஊர்வன போன்ற சிறு பிராணிகளின் எலும்புகளும் கிடைத்தன. மரம் வளர்ந்து, புதைந்து, உள்ளே அழுகிக் குழியாகி, பிராணி உள்ளே போய், அப்புறம் மேலே இன்னொரு காடு வளர்கிறது. ஓராண்டு வெள்ளத்துக்குள் இத்தனையையும் எத்தனை முறை நடத்துவது?

டைனோசர் கூடுகளிலும் இதே கதைதான். அர்ஜென்டினாவின் ஆக்கா மஹுவேவோவில் முட்டைக் குவியல்கள் பல மட்டங்களில் கிடக்கின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் 1978-ல் கிடைத்த மயாசோரா கூட்டில், குஞ்சுகளின் பற்கள் தேய்ந்திருந்தன. அதாவது பொரித்த பிறகு கொஞ்ச நாளாவது அவை எதையோ மென்று தின்றிருக்கின்றன. இவை கிடந்த படிவுகளுக்கு அடியிலும் மேலேயும் இருப்பவை எல்லாம் அதே பிரளயம் கொட்டிய சேறு என்றால், உலகமே மூழ்கிக் கிடந்த அந்த ஆண்டின் நடுவில் இந்தத் தாய் எங்கே உட்கார்ந்து அடைகாத்தது?

## யார் யாரோடு இல்லை

வில்லியம் ஸ்மித் கால்வாய் வெட்ட நிலம் அளந்தவர். வெட்டிய இடமெல்லாம் புதைபடிவங்களைப் பொறுக்கிப் பார்த்ததில், எந்த ஊரில் தோண்டினாலும் அவை ஒரே வரிசையில்தான் வருகின்றன என்று கண்டார். அதை வைத்தே மண்ணுக்கு அடியில் எந்தப் பாறை எங்கே போகிறது என்று கணித்து 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸின் புவியியல் வரைபடத்தை வெளியிட்டார். அவருக்குப் பரிணாமம் பற்றி ஒரு கொள்கையும் இல்லை. கால்வாய் ஒழுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீழடுக்குகள் மேலடுக்குகளைவிடப் பழையவை என்ற அடிப்படை விதியை 1669-லேயே நிக்கோலஸ் ஸ்டேனோ எழுதிவிட்டார் (இவர் பிற்காலத்தில் கத்தோலிக்க ஆயரானவர்). ஸ்மித் செய்தது, அந்த அடுக்குகளுக்கு முகவரி கொடுத்தது.

இந்த வரிசைக்கு இளம் பூமித் தரப்பு தரும் விளக்கம்: வெள்ளத்தில் கனமானவை முதலில் அடியில் தங்கின, கடலடியில் வாழ்ந்தவை முதலில் மூடப்பட்டன, ஓடவும் பறக்கவும் தெரிந்தவை மேட்டுக்கு ஏறிக் கடைசியில் அகப்பட்டன. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே மாதிரி வாழ்ந்தவற்றை எடுத்துப் பார்த்தால்தான் உடைகிறது:

1. டிரைலோபைட்டும் நண்டும். இரண்டும் கடல் தரையில் ஊர்ந்தவை, இரண்டுக்கும் ஓடு உண்டு. டிரைலோபைட்டுகள் சுமார் 52 கோடி ஆண்டு முதல் 25 கோடி ஆண்டு வரையிலான பாறைகளில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்களாகக் கிடைக்கின்றன. நண்டுகள் அதற்குப் பிந்திய ஜுராசிக் காலத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டும் ஒரே அடுக்கில் கிடைத்ததே இல்லை.
2. இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவும் டால்பினும். உடல் வடிவம், நீந்தும் விதம், வாழ்ந்த கடல் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. வெள்ளம் வந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான் நேர வேண்டும். ஆனால் இக்தியோசார்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிடுகின்றன. திமிங்கிலக் குடும்பம் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் ஆரம்பம்.
3. மகரந்தம். எனக்கு எல்லாவற்றிலும் பலமாகப் படுவது இதுதான். மகரந்தத் துகள் கண்ணுக்குத் தெரியாது, காற்றிலும் நீரிலும் எங்கும் போகும், ஓடித் தப்பிக்காது. நிலக்கரிக் காலத்துப் பாறைகளில் பெரணி போன்ற செடிகளின் வித்துத்துகள்கள் குவியல் குவியலாக இருக்கின்றன. பூக்கும் தாவரத்தின் மகரந்தம் ஒன்றுகூட இல்லை. உலகத்தையே கலக்கிய வெள்ளம் ஒன்று, புல்லின் மகரந்தத்தைப் பெரணியின் துகளிலிருந்து இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைக்குமா?

இந்த வரிசையை வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடவும் முடிகிறது. மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரினம் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையான, ஆழமற்ற நன்னீர்ப் படிவுகளில்தான் இருக்க வேண்டும் என்று கணித்து, அப்படிப்பட்ட பாறை வெளியே தெரியும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள் தொல்லுயிரியலாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும். துருவப் பகுதியில் பல கோடைக்காலங்கள் அலைந்து 2004-ல் டிக்டாலிக் என்ற புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். செதிலும் துடுப்பும் மீனுக்கு உரியவை, கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் மீனுக்கு இல்லாதவை.

## தேதி எங்கிருந்து வருகிறது

வரிசை தெரிந்துவிட்டால் எது முந்தியது என்று சொல்லலாம். எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கு வந்தது 1896-ல் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான். யுரேனியம்-238 அணுக்களில் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். பொட்டாசியம்-40-க்கு இந்த அரை ஆயுள் 125 கோடி.

அளக்கப்படுவது பெரும்பாலும் எலும்பு கிடையாது. எலும்பு கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் இருக்கும் எரிமலைச் சாம்பலில் சிர்கான் என்ற நுண்படிகங்கள் இருக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் பிறகு யுரேனியம் சிதைந்து உண்டானது. மேல் சாம்பலின் வயதும் கீழ்ச் சாம்பலின் வயதும் கிடைத்தால் எலும்பின் வயது நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். பூமி உருவான காலத்திலேயே உருவான எரிகல்லில் ஈய விகிதங்களை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-ல் கிளேர் பேட்டர்சன் வெளியிட்டார். அந்த எண் இன்றுவரை பெரிதாக நகரவில்லை.

இங்கே அடிக்கடி எழும் மூன்று ஆட்சேபங்கள்:

1. "பாறையை வைத்துப் புதைபடிவத்துக்கு வயது, புதைபடிவத்தை வைத்துப் பாறைக்கு வயது, இது வட்டத்தில் சுற்றுவது." வரிசை ஸ்மித் காலத்தில் தோண்டிப் பார்த்துக் கிடைத்தது. ஆண்டுகள் நூறு வருடம் கழித்து அணுக்களிலிருந்து கிடைத்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டும் ஒத்துப்போயின. முரண்படப் போதுமான வாய்ப்பு இருந்தும் முரண்படவில்லை.
2. "கார்பன் முறை நம்பகமில்லை." கார்பன்-14-ன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க அதில் மிச்சம் இருக்காது, ஆகவே டைனோசருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அது அளக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே 6,000 உடைந்துவிடுகிறது. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியின் அடியில் ஆண்டுதோறும் ஒரு வெளிர் படலமும் ஒரு கரும் படலமுமாகச் சேறு படிந்திருக்கிறது, இடையிடையே உதிர்ந்த இலைகளோடு. அந்தப் படலங்களை எண்ணி, இலைகளில் கார்பனையும் அளந்து 2012-ல் வெளியிட்ட பதிவு 50,000 ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போகிறது.
3. "1980-களில் உறைந்த எரிமலைப் பாறைக்கு 3.5 லட்சம் ஆண்டு என்று விடை வந்தது." செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக் குமிழில் எடுத்த பாறைக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அப்படி வந்தது உண்மைதான். 125 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட கடிகாரத்தைப் பத்து வயதுப் பாறையில் வைப்பது, லாரி எடைமேடையில் தபால்தலையை நிறுத்துப் பார்ப்பதற்குச் சமம். பழைய படிகங்களும் அந்தக் குழம்பில் கலந்திருந்தன. அதே அளவு பிழை 6.6 கோடி ஆண்டுப் பாறையில் இருந்தாலும் விடை அசையாது.

## பவளத்தில் எழுதிய நாட்கள்

சரி, அணுச்சிதைவின் வேகம் முற்காலத்தில் வேறாக இருந்திருந்தால்? இது நல்ல கேள்வி. அணுவைத் தொடாமலே விடை சொல்ல ஒரு வழி இருக்கிறது.

நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதங்கள் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கங்கள்) பூமியின் சுழற்சிக்கு பிரேக் போடுகின்றன. அதனால் ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய 2 மில்லிவிநாடி கூடுகிறது. இது வானியல் கணக்கு, இதில் பாறைக்கு வேலையில்லை. பூமி சூரியனைச் சுற்றும் காலமோ பெரிதாக மாறுவதில்லை. 8,766 மணி நேரம். அப்படியானால் பழங்காலத்தில் நாள் குட்டை, ஓராண்டில் நாட்கள் அதிகம்.

டெவோனியன் காலப் பாறைகளுக்குக் கதிரியக்க முறை தரும் வயது சுமார் 38 கோடி ஆண்டுகள். இப்போது கூட்டிப் பார்க்கலாம்:

1. 38 கோடி ஆண்டு என்பது 38 லட்சம் நூற்றாண்டு.
2. நூற்றாண்டுக்கு 2 மில்லிவிநாடி வீதம் மொத்தம் 7,600 விநாடி; அதாவது 2 மணி 7 நிமிடம்.
3. ஆக, அன்றைய நாளின் நீளம் சுமார் 21.9 மணி நேரம்.
4. 8,766-ஐ 21.9-ஆல் வகுத்தால் ஓராண்டில் 400 நாட்கள்.

1963-ல் ஜான் வெல்ஸ் என்ற தொல்லுயிரியலாளர் டெவோனியன் பவளங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். பவளம் பகலில் ஒரு வேகத்திலும் இரவில் ஒரு வேகத்திலும் சுண்ணாம்பைச் சுரப்பதால், நாளுக்கு ஒன்றாக மயிரிழைபோன்ற கோடுகள் அதன் மேல் விழும். பருவங்கள் மாறுவதால் ஆண்டுக்கு ஒரு தடித்த பட்டையும் விழும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே அவர் எண்ணிய கோடுகள் ஏறக்குறைய 400. இன்றைய பவளத்தில் அது சுமார் 360. எல்லாக் கோடும் தெளிவாக இருக்காது, மாதிரிக்கு மாதிரி 385 முதல் 410 வரை மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எண்ணிக்கை நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

பூமியின் வயது 6,000 என்றால் இதே கணக்கு என்ன சொல்லும்? 60 நூற்றாண்டு, 120 மில்லிவிநாடி. கண் சிமிட்டும் நேரம்தான். எந்தப் பவளத்திலும் 365-க்கு மேல் கோடு இருக்க நியாயமில்லை.

## அப்படியானால் அந்த மென்திசு?

2005-ல் தொல்லுயிரியலாளர் மேரி ஷ்வைட்சரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் இருந்தது இது: மொன்டானாவில் கிடைத்த, 6.8 கோடி ஆண்டுப் பழமையான டைரனோசாரஸ் தொடை எலும்பின் ஒரு துண்டை அமிலத்தில் இட்டுத் தாதுக்களைக் கரைத்தபோது, இழுத்தால் நீளும் இழைகளும் ரத்தக்குழாய் போன்ற கிளைக்குழல்களும் மிஞ்சின. செய்தி சுற்றுக்கு வரும்போது இதுவே "பச்சை ரத்தம், புத்தம்புது சதை" ஆகிவிடுகிறது. எலும்பை உடைத்ததும் ரத்தம் சொட்டியதுபோல எழுதுகிறார்கள்.

அது டைனோசரின் சொந்தத் திசுவா, பிற்காலத்து நுண்ணுயிர்கள் விட்டுப்போன படலமா என்று வாதம் நடந்தது. ரத்தத்தில் உள்ள இரும்பு திசுவைப் பதப்படுத்தியிருக்கலாம் என்று பார்க்க, ஷ்வைட்சரின் குழு தீக்கோழியின் ரத்தக்குழாய்களைச் சோதித்தது. வெறும் தண்ணீரில் சில நாட்களில் அழுகியவை, ரத்தத்திலிருந்து எடுத்த இரும்புக் கரைசலில் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. இரண்டு ஆண்டுக்கும் 6.8 கோடிக்கும் நடுவே தூரம் அதிகம்தான், மறுப்பதற்கில்லை. புரதம் எவ்வளவு காலம் மிஞ்சும் என்ற அறிவு இன்னும் வளர வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பாறையின் வயது புரதத்தை வைத்துக் கணிக்கப்பட்டதே இல்லை. ஷ்வைட்சர் தன்னை கிறிஸ்தவராக வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். தன் ஆய்வை இளம் பூமிக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் ஏற்கவில்லை.

இதேபோலச் சுற்றில் இருக்கும் இன்னொன்று, டெக்சாஸின் பலக்சி ஆற்றுப்படுகையில் டைனோசர் தடங்களோடு மனிதக் காலடி இருப்பதாகச் சொல்வது. அவை குதிகால் ஊன்றி நடந்த டைனோசரின் நீண்ட தடங்கள், விரல் பதிவு மங்கிப்போனவை. அதை முன்பு பரப்பிய படைப்புவாத அமைப்பே 1986-ல் பின்வாங்கிக்கொண்டது.

## மறுக்கவே முடியாத ஒரு பதில்

எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத இளம் பூமி வாதம் ஒன்று உண்டு. அதை 1857-ல் ஃபிலிப் காஸ் என்ற கடல் உயிரியலாளர் முன்வைத்தார். ஆழ்ந்த பக்தர், நல்ல ஆராய்ச்சியாளர், சான்றுகள் தெரிந்தவர். கடவுள் பூமியைப் படைத்தபோதே பழையதுபோலப் படைத்தார் என்றார் அவர்: வளையங்களோடு மரம், தொப்புளோடு ஆதாம், புதைபடிவங்களோடு பாறை. இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. எதைக் காட்டினாலும் 'அப்படியே படைக்கப்பட்டது' என்று சொல்லிவிடலாம்.

புவியியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. காஸைக் காயப்படுத்தியது பக்தர்கள் பக்கமிருந்து வந்த எதிர்ப்புதான். அவருடைய நண்பரும் போதகருமான சார்லஸ் கிங்ஸ்லி, கடவுள் பாறைகளில் இத்தனை பெரிய, தேவையேயில்லாத பொய்யை எழுதி வைத்தார் என்று தன்னால் நம்ப முடியாது என்று எழுதிவிட்டார். வெல்ஸின் பவளங்களை அவர்கள் இருவரும் பார்த்ததில்லை. காஸின் கணக்குப்படி, அந்த 400 கோடுகளும் ஒருபோதும் விடியாத நாட்களுக்காக ஒவ்வொன்றாக வரையப்பட்டிருக்க வேண்டும்.